தொட்டா உடையாத குடில், ஒரு வழியா இந்த வருஷம் கட்டிட்டோம்

நேத்துதான் கிறிஸ்துமஸ் குடிலை (இயேசு பொறந்த இடத்தைச் சின்ன உருவங்களை வச்சுக் காட்டறது) பிரிச்சு பெட்டியில போட்டேன். ஜனவரி 6, குழந்தை இயேசுவைப் பாக்க வந்த மூணு ராஜாக்களோட திருநாள் வரைக்கும் இருக்கட்டும்னு வச்சிருந்தோம், அது முடிஞ்சும் ரெண்டு நாள் பசங்க எடுக்க விடல. எடுத்து வைக்கும்போது எண்ணிப் பாத்தேன். மொத்தம் 15 உருவம் செஞ்சோம், அதுல 12 முழுசா இருக்கு. வீட்ல ஒண்ணு 6 வயசு, இன்னொண்ணு 3 வயசு. அந்த 3 வயசு தினமும் எல்லா உருவத்தையும் கையில எடுத்து, இடம் மாத்தி, சில நாள் குளிக்க வைக்கவும் கூட்டிட்டுப் போயிருக்கான். அந்தக் கணக்குல பாத்தா 15க்கு 12ங்கறது எனக்கு பெரிய மார்க்.

போன வருஷம் என்ன ஆச்சுன்னா, கடையில ரெடிமேடா பிளாஸ்டர் செட் வாங்கி, 23ஆம் தேதி ராத்திரி பசங்க தூங்கின பிறகு நானும் வீட்டுக்காரரும் உக்காந்து அழகா அடுக்கி வச்சோம். காலையில 7 மணிக்கு சூசையப்பருக்கு (மாதாவோட கணவர் யோசேப்பு) தலை இல்ல. அதுக்கப்புறம் கிறிஸ்துமஸ் முடியற வரைக்கும் என் வாயில வந்த ஒரே வார்த்தை "தொடாத". ஒரு நாளைக்கு நூறு தடவ சொல்லியிருப்பேன். சின்னவன் குடில் பக்கம் போனாலே அழ ஆரம்பிச்சுட்டான். யாருக்காக வைக்கிறோம்னு எனக்கே கடுப்பாயிடுச்சு. அதனால இந்த வருஷம் முதல்லயே ஒரு கண்டிஷன் போட்டுக்கிட்டேன், குடில்ல இருக்கிற எதையும் தொடலாம், எடுக்கலாம், கீழ போட்டா போகட்டும். அந்த ஒரு கண்டிஷனுக்காக என்னென்ன மாத்த வேண்டியிருந்துச்சு, எதெல்லாம் சொதப்புச்சுன்னு எழுதி வைக்கிறேன், அடுத்த வருஷம் எனக்கே மறந்துடும்.

நவம்பர் கடைசியில ஆரம்பிச்சோம். திருவருகைக் காலத்துக்கு, அதாவது கிறிஸ்துமஸுக்குத் தயாராகற காலத்துக்கு, நாலு ஞாயிறு இருக்கு இல்ல, அதனால வேலையையும் நாலா பிரிச்சேன். முதல் வாரம் உருவம், ரெண்டாவது பெயிண்ட், மூணாவது ஸ்டார், நாலாவது குகையும் லைட்டும். கோதுமைப் புல்லு தனியா நடுவுல ஓடும். பேப்பர்ல எழுதும்போது நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா முதல் நாளே ஒரு தப்பு, லீவு நாள்தானேன்னு ரெண்டு மணி நேரம் உக்காந்து மொத்த உருவத்தையும் முடிச்சுடலாம்னு நினைச்சேன். 25 நிமிஷத்துல சின்னவன் மேசைக்கு அடியில போய் படுத்துட்டான், பெரியவ "அம்மா போதும்மா"னு சொல்லிட்டா. மீதி ஒன்றரை மணி நேரம் நான் மட்டும் மாவோட உக்காந்திருந்தேன். அடுத்த நாள்ல இருந்து ஒரு நாளைக்கு 20 நிமிஷம், அதுக்கு மேல ஒரு நிமிஷம் கிடையாதுன்னு மாத்தினேன். அவங்களே "இன்னும் கொஞ்சம்"னு கெஞ்சும்போது நிறுத்திடணும், அப்பத்தான் மறுநாள் ஓடி வர்றாங்க.

நாள் எண்ண ஒரு பேப்பர் சங்கிலி செஞ்சோம். 2 செ.மீ அகலம், 18 செ.மீ நீளத்துல 24 துண்டு, வளையமா ஸ்டேப்ளர் போட்டு கோர்த்தது. தினமும் ஒண்ணு வெட்டணும், தீந்தா கிறிஸ்துமஸ். டிசம்பர் 3ஆம் தேதி சின்னவன் ஒரே மூச்சுல 7 வளையத்தை வெட்டிட்டு வந்து "நாளைக்கு கிறிஸ்துமஸா?"னு கேட்டான். திரும்ப ஒட்டி, கைக்கு எட்டாத உயரத்துல மாட்டினேன். தொடக்கூடாதுன்னு இந்த வருஷம் வச்ச ஒரே பொருள் அதுதான்.

இனி உருவத்துக்கு வர்றேன். உப்பு மாவுலதான் செஞ்சது. மைதா 2 கப், பொடி உப்பு 1 கப், தண்ணி 1 கப்னு எல்லாரும் சொல்ற அளவு. முதல் தடவ ஒரு கப் தண்ணியையும் ஒரே நேரத்துல ஊத்தினேன், கையில ஒட்டுற பசை மாதிரி ஆயிடுச்சு, அதுக்கு இன்னும் மாவு, அதுக்கு இன்னும் உப்புன்னு போய் ஒரு குண்டா நிறைய மாவு சேந்துடுச்சு. போதாக்குறைக்கு கல்லு உப்பு போட்டிருந்தேன், அது கரையவே இல்ல, காஞ்ச பிறகு மேல எல்லாம் புள்ளி புள்ளியா தெரிஞ்சுது. ஓவன்ல 180 டிகிரி வச்சேன். அரை மணியில திறந்து பாத்தா மரியாளுக்கு ரெண்டு கன்னமும் உப்பி பூரி மாதிரி இருக்கு, ஆட்டுக்கு வயிறு வெடிச்சிருக்கு, எல்லாம் பிரவுன் கலர். பெரியவ ரொம்ப சீரியஸா "இவங்க எல்லாம் வெயில்ல நடந்து வந்தாங்களாம்மா"ன்னா. அந்த பேட்ச் முழுசா குப்பைக்குப் போச்சு.

ரெண்டாவது பேட்ச்ல தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா விட்டேன், முக்கால் கப்புலயே மாவு சேந்துடுச்சு. 10 நிமிஷம் நல்லா அழுத்திப் பிசையணும், காது மடல் தொட்ட மாதிரி மெத்துன்னு வரணும், இது அத்தை சொன்ன பதம். ஓவன் 100 டிகிரிதான், 3 மணி நேரம், நடுவுல ஒரு தடவ திருப்பிப் போட்டேன். 100க்கு மேல ஏத்தினாலே உள்ள இருக்கிற ஈரம் ஆவியாகி வெளிய வர வழியில்லாம உப்புது. கனமான உருவம் 3 மணி நேரத்துலயும் உள்ள காயாது, அடியில நகத்தால அழுத்திப் பாத்தா தெரியும். அதுக்கு என்ன செஞ்சேன்னா, அலுமினிய ஃபாயிலைக் கசக்கி உருண்டையாக்கி உள்ள வச்சு, மேல மாவை 1 செ.மீ கனத்துக்கு மட்டும் போத்தினேன். மாவும் கம்மி, எடையும் கம்மி, சீக்கிரமும் காயுது. இதை முதல்லயே செஞ்சிருக்கணும்.

உருவத்துக்கு வடிவம் கண்டுபிடிக்கத்தான் ரொம்ப நாள் ஆச்சு. கை, கால், முகம்னு வைக்கப் போனா பசங்களாலயும் முடியாது, வச்சாலும் உடையும். கடைசியில எல்லாரும் கூம்புதான். உயரம் 8 செ.மீ, அடி 5 செ.மீ அகலம். அடி அகலமா இருந்தா தள்ளிவிட்டாலும் ஆடிட்டு நிக்குது. தலையைத் தனி உருண்டையா செஞ்சு தண்ணி தொட்டு ஒட்டினது எல்லாம் காஞ்சதும் கழண்டுடுச்சு. ஒரே உருண்டையில கழுத்துப் பக்கம் ரெண்டு விரலால கிள்ளி இழுத்து தலையை எடுத்தா கழண்டு விழ அங்க ஒண்ணுமே இல்ல. ஆட்டுக்கும் அதே கதைதான். நாலு கால்ல நிக்கற ஆடு ஒண்ணு செஞ்சோம், படுத்த ஆடு ரெண்டு செஞ்சோம். நின்ன ஆட்டுக்கு ரெண்டாம் நாளே ஒரு கால் போச்சு. படுத்த ரெண்டும் இன்னிக்கு வரைக்கும் கல்லு மாதிரி இருக்கு.

குழந்தை இயேசுவுக்கு ஒரு தனி பிரச்சனை. மொதல்ல 3 செ.மீ நீளத்துல குட்டியா, ரொம்ப அழகா செஞ்சேன். சின்னவன் அதைப் பாத்ததும் வாய்க்குக் கொண்டு போனான். டாய்லெட் பேப்பர் ரோல் நடுவுல இருக்குமே அட்டைக் குழாய், சுமார் 4 செ.மீ விட்டம், அதுக்குள்ள நுழையற எதையும் சின்ன பிள்ளைங்க கையில தரக்கூடாதுன்னு ஒரு கணக்கு இருக்கு, தொண்டையில போய் அடைச்சுக்கும். அன்னிக்கு செஞ்ச எல்லாத்தையும் அந்தக் குழாயில போட்டுப் பாத்தேன். குழந்தை இயேசு சர்ர்னு கீழ விழுந்தாரு. ராஜாக்கள் கையில வைக்கச் செஞ்ச மூணு காணிக்கைப் பெட்டியும் விழுந்துச்சு. பெட்டிகளை ராஜாவோட வயித்துலயே சேத்து அழுத்திட்டேன். குழந்தையைத் துணி சுத்தின மாதிரி தடியா, 7 செ.மீ நீளம், 5 செ.மீ அகலத்துல மறுபடி செஞ்சேன். இப்ப குழந்தை ஆட்டை விடப் பெருசு. பெரியவளுக்கு மனசே ஒப்பல, "அம்மா, மாதா எப்படிம்மா தூக்குவாங்க"ன்னு கேட்டா. அதெல்லாம் தூக்குவாங்கன்னு சொல்லிட்டேன்.

மாவைத் தின்னுடுவாங்களோன்னு பயம் இருக்கும். சின்னவன் ஒரு தடவ நக்கிட்டு மூஞ்சியைச் சுளிச்சுத் துப்பிட்டான், அதுக்கப்புறம் தொடல. ஆனாலும் அவ்வளவு உப்பு உள்ள போறது சின்ன பிள்ளைக்கு ஆகாது, வீட்ல நாய் இருந்தா அதுக்கும் ஆகாது, அதனால பிசையும்போது பக்கத்துலயே இருக்கணும், மிஞ்சின மாவை மூடி எடுத்து வச்சுடணும்.

லிஸ்ட் இதான்: இயேசு, மாதா, சூசையப்பர், மூணு ராஜா, ரெண்டு இடையர், ஒரு சம்மனசு (தேவதூதர்), மூணு ஆடு, ஒரு மாடு, ஒரு கழுதை. 14. பதினஞ்சாவது பெரியவ ஐடியா. குழந்தை பொறந்த வீட்ல பாட்டி இல்லாம எப்படின்னு கேட்டா, எனக்கு பதில் வரல, அத்தைக்கு மட்டும் ஒரே சந்தோஷம். கொண்டை வச்ச ஒரு கூம்பு செஞ்சு மாதாவுக்குப் பக்கத்துல நிறுத்திட்டா. குடில் பாக்க வந்தவங்க எல்லாரும் முதல்ல கேட்டது அந்த உருவத்தைப் பத்திதான்.

பெயிண்ட் போஸ்டர் கலர். தண்ணி அதிகமா கலந்து பசங்க அடிச்சு ஊத்தினதுல மேல் மாவு திரும்ப ஊறி வழவழன்னு ஆயிடுச்சு. உப்பு மாவு எவ்வளவு காஞ்சாலும் தண்ணி பட்டா திரும்ப மாவுதான். பிரஷ்ஷைத் துணியில ஒத்தி எடுத்துட்டு, மெல்லிசா ரெண்டு கோட், நடுவுல ஒரு நாள் காயவிட்டு அடிச்சதும் சரியாச்சு. அதுக்கு மேல கிளியர் வார்னிஷ், இது பசங்க தூங்கின பிறகு ஜன்னலைத் திறந்து வச்சுட்டு நான் அடிச்சது, அடிப்பக்கத்தையும் விடாம. கழுதைக்கு மட்டும் அடிப்பக்கம் மறந்துட்டேன். ஒரு வாரம் விடாம மழை, காத்துல ஈரம், உப்பு அதை இழுத்துக்கிட்டு கீழ வேர்க்க ஆரம்பிச்சுது. ஒரு நாள் காலையில பாத்தா கழுதை ஒரு பக்கமா சரிஞ்சு உக்காந்திருக்கு. புனித அசிசி பிரான்சிஸ் 1223ல இத்தாலியில கிரெச்சோங்கற ஊர்ல முதல் முதலா குடில் வச்சப்ப நிஜ மாட்டையும் நிஜ கழுதையையும் கொண்டாந்து நிறுத்தினாராம், அவருக்கு வார்னிஷ் பிரச்சனை இருந்திருக்காது.

மூணாவது நட்டம் சம்மனசு. நூல்ல கட்டித் தொங்கவிட்டிருந்தேன், ஃபாயில் உருண்டை இல்லாம முழு மாவுல செஞ்சது, கனம் தாங்காம நூல் அறுந்து விழுந்து ரெக்கை போச்சு. அட்டையில வெட்டி மாட்டியிருந்தா வேலை முடிஞ்சிருக்கும், மாவுலதான் செய்யணும்னு ஒரு வீம்பு.

அடுத்தது ஸ்டார். இது முக்கால்வாசி என் வேலை, பசங்களுக்குப் பசை தடவுற வேலை மட்டும். 60 செ.மீ நீளத்துல 10 மூங்கில் குச்சி, 5 மி.மீ கனம். அஞ்சு குச்சியை முனையோட முனை சேத்து, ஒண்ணு மேல ஒண்ணு கீழன்னு பின்னினா ஒரு ஸ்டார். அதே மாதிரி இன்னொண்ணு. ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணு வச்சு அஞ்சு முனையையும் கட்டிட்டு, நடுவுல குறுக்குக் குச்சி கொடுத்து விரிச்சா உப்பலா வரும். கேக்க ஈஸி. முதல் தடவ கண்ணளவுலயே கட்டினேன், ஒரு முனை கொக்கு மூக்கு மாதிரி நீளமாவும் எதிர்ப்பக்கம் மொண்ணையாவும் வந்துச்சு. பிரிச்சுக் கட்டு, பிரிச்சுக் கட்டுன்னு மூணு தடவ ஆச்சு. அப்புறம்தான் உறைச்சுது, அஞ்சு முனை ஸ்டார்ல குச்சிங்க எங்க வெட்டிக்கும்ங்கறது ஒரு நிலையான கணக்கு. குச்சி நீளத்தை 0.382ஆல பெருக்கினா போதும். 60 செ.மீ குச்சிக்கு 23 வருது. ஒவ்வொரு குச்சியிலயும் ஒரு முனையில இருந்து 23 செ.மீ, 37 செ.மீ ரெண்டு இடத்துல மார்க்கர்ல கோடு போட்டு, கோட்டோட கோட்டைச் சேத்துக் கட்டினா கண்ணை மூடிட்டு கட்டினாலும் சரியா வரும். பத்து குச்சிக்கும் கோடு போட அஞ்சு நிமிஷம். கண்ணளவுல போனது ஒரு முழு சாயங்காலம்.

எடுத்ததும் நூலைக் கட்டாதீங்க. எல்லா சந்துலயும் ரப்பர் பேண்ட் போட்டு ஸ்டாரைத் தரையில படுக்க வச்சு, அசைச்சு நேர் பண்ணிட்டு, அதுக்கப்புறம் ஒவ்வொண்ணா நூல் கட்டி, முடிச்சு மேல ஒரு சொட்டு பசை விட்டேன். ஒரு ராத்திரி காஞ்சதும் இரும்பு மாதிரி நின்னுச்சு. குறுக்குக் குச்சி 15 செ.மீ வெட்டி வச்சிருந்தேன், மூணாவதைச் சொருகும்போது படார்னு ஒரு நீளக் குச்சி ஒடிஞ்சுது. அதை மாத்திட்டு குறுக்குக் குச்சியை 10 செ.மீக்குக் குறைச்சேன். உள்ள அஞ்சு சந்துலயும் ஒவ்வொண்ணு, பக்கத்துப் பக்கத்துல போடாம ஒண்ணு விட்டு ஒண்ணா சொருகினா குச்சி சமமா வளையுது.

பேப்பர் டிஷ்யூ பேப்பர். முன்னும் பின்னும் சேத்து பெரிய முக்கோணம் 10 (பக்கம் 23, அடி 14 செ.மீ), ஓரத்துக்கு ஒல்லி முக்கோணம் 10 (பக்கம் 23, அடி 10), நடுவுல ஐங்கோணம் 2. எல்லாத்துக்கும் சுத்தி ஒன்றரை செ.மீ விட்டு வெட்டணும், மடிச்சு ஒட்ட. பின்பக்க ஐங்கோணத்தை ஒட்டாம மூணு பக்கம் திறந்தே விட்டேன், லைட் உள்ள போக. மைதா பசை காய்ச்சினதைப் பசங்க பேப்பர் மேல தடவினாங்க, ஊறி மூணு முக்கோணம் கிழிஞ்சுது. பசையைக் குச்சி மேல தடவிட்டு காஞ்ச பேப்பரை மேல வைக்கணும், அவ்வளவுதான் ரகசியம். அதுல சின்னவனுக்கு ஒரு பழைய பிரஷ் குடுத்து "குச்சிக்கு சோறு ஊட்டு"ன்னேன், 20 நிமிஷமும் அசையாம ஊட்டினான். காஞ்ச பிறகு தண்ணி லேசா ஸ்ப்ரே பண்ணா டிஷ்யூ சுருங்கி டைட் ஆகும்னு தெரியும், பண்ணேன், டைட்டும் ஆச்சு, கூடவே சிவப்பு சாயம் இறங்கி பக்கத்துல இருந்த வெள்ளை முக்கோணம் ரோஸ் ஆயிடுச்சு. ஒரு துண்டுப் பேப்பரை நனைச்சுப் பாத்திருக்கலாம். பெரியவளுக்கு அந்த ரோஸ்தான் ரொம்பப் பிடிச்சிருக்குன்னு சொன்னதால மானம் தப்பிச்சுது.

லைட்டுலதான் தண்டச் செலவு. குட்டிக் குட்டியா மெழுகுவர்த்தி ஷேப்ல எல்இடி விளக்கு ஒரு டஜன் வாங்கினேன், அழகா மினுக்கும். வீட்டுக்கு வந்து திருப்பிப் பாத்தா உள்ள பட்டன் பேட்டரி, மூடி நகத்தாலயே திறக்குது. பட்டன் பேட்டரியை முழுங்கினா அது உணவுக்குழாய்ல ஒட்டிக்கிட்டு ரெண்டு மணி நேரத்துலயே பொத்துடற அளவுக்கு அரிக்கும், வெளிய பாத்தா சளி இருமல் மாதிரிதான் தெரியும். அந்த டஜனும் அப்படியே பீரோ மேல போயிடுச்சு. மறுபடி போய் ரெண்டு பென்சில் பேட்டரி போடற, மூடிக்கு ஸ்க்ரூ இருக்கிற எல்இடி மாலை வாங்கினேன், ஸ்டாருக்கு ஒண்ணு குடிலுக்கு ஒண்ணு. மொத்தச் செலவுல பாதிக்கு மேல இந்த லைட்டுக்குத்தான், அதுவும் ரெண்டு தடவ வாங்கினதால. மாவு, உப்பு, பேப்பர், நூல் எல்லாம் சேத்தாலும் அதுல கால்வாசி வராது. குகை ஓசி. ஸ்டார் உள்ள குண்டு பல்ப் போடலாமான்னு வீட்டுக்காரர் கேட்டாரு, டிஷ்யூ பேப்பருக்குள்ள சூடாகற எதுவும் வேணாம்னு சொல்லிட்டேன்.

கோதுமைப் புல்லு விஷயத்துல படிச்ச புத்தி வேலை செய்யல. பிரான்ஸ்ல புரோவான்ஸ் பக்கம் டிசம்பர் 4, புனித பார்பரா திருநாள் அன்னிக்கு கோதுமை விதைச்சு கிறிஸ்துமஸுக்கு மேசையில வைப்பாங்க. சரி நாமும் 4ஆம் தேதியே போடுவோம்னு ஒரு ட்ரேயில போட்டேன். ராத்திரி முழுக்க ஊற வச்சு, 2 செ.மீ மண்ணு மேல விதை ஒண்ணோட ஒண்ணு ஒட்டற மாதிரி நெருக்கமா பரப்பி, ஈரத்துணி போட்டு மூடினது. மூணாம் நாள் முளை வந்துச்சு, பசங்க காலையில எழுந்ததும் முதல்ல ஓடறது அதுக்கிட்டதான். ஆனா எங்க வீட்டு உள் சூட்டுக்கு 14ஆம் தேதியே 12 செ.மீ வந்துடுச்சு. 20ஆம் தேதி பாத்தா தலை சாஞ்சு, அடி மஞ்சளாகி, தலைவாராத பிள்ளை மாதிரி கிடக்கு. நல்ல வேளையா 14ஆம் தேதியே சந்தேகப்பட்டு இன்னும் ரெண்டு ட்ரே போட்டிருந்தேன். அதுல ஒண்ணு சின்னவன் பொறுப்பு, டம்ளர் டம்ளரா தண்ணி ஊத்தி வெள்ளைப் பூஞ்சை வந்துடுச்சு. அதையும் தூக்கிப் போட்டுட்டு அவன் கையில ஸ்ப்ரே பாட்டில் குடுத்தேன், காலையில 10 அடி, சாயங்காலம் 10 அடி, சத்தமா எண்ணி அடிக்கணும். எண்ணவும் கத்துக்கிட்டான், 7ஐ மட்டும் இன்னும் விட்டுடறான். அந்த மூணாவது ட்ரேதான் 24ஆம் தேதி கரெக்டா 11 செ.மீ, பச்சைப்பசேல்னு. குடிலுக்கு வைக்கும்போது கத்திரிக்கோலால 5 செ.மீக்கு வெட்டினோம், இல்லன்னா ஆடு உள்ள காணாம போயிடும்.

குகை, பழைய அட்டைப்பெட்டி ஒண்ணு. ஒரு பக்கம் வெட்டி எடுத்துட்டு, மேல பிரவுன் பேப்பரைக் கசக்கி, பிரிச்சு, திரும்பக் கசக்கி, அப்படி நாலஞ்சு தடவ பண்ணா துணி மாதிரி சொன்னபடி கேக்கும், அதைப் பசை தடவி போத்தி, காஞ்சதும் ஸ்பாஞ்சுல கறுப்பும் சாம்பல் கலரும் தட்டினோம். இதுல பசங்க எப்படித் தட்டினாலும் பாறை மாதிரியேதான் இருக்கு, சொதப்பவே முடியாத வேலைன்னா இது ஒண்ணுதான். 60க்கு 45 செ.மீ பலகை மேல குகையை ஒட்டி, அடியில ரெண்டு கனமான பழைய டிக்‌ஷனரியை வச்சு மறைச்சேன், ஏன்னா முதல் நாள் சின்னவன் மேல சாஞ்சதுல பெட்டியே மல்லாந்துடுச்சு. உயரமா மேசையில வைக்காம 30 செ.மீ ஸ்டூல் மேல வச்சோம், அவன் முட்டி போட்டா கண்ணு நேரா குகைக்குள்ள பாக்குது. பெரியவங்க வந்தா குனிஞ்சு பாக்கட்டும்.

ராஜாக்களை மட்டும் குடில்ல வைக்கல. வீட்டோட இன்னொரு கோடியில, ஷூ ஸ்டாண்ட் கிட்ட இருந்து கிளப்பினோம். தினமும் காலையில மூணு அடி நகத்தலாம்னு ரூல். ஃப்ரிட்ஜ் மேல ஒரு நாள், வாஷிங் மெஷின் மேல ரெண்டு நாள் (அங்க ஆடி விழுந்து தப்பிச்சாங்க, கூம்புக்கு ஜே). ஜனவரி 6 அன்னிக்குதான் வந்து சேந்தாங்க. எங்க வீட்ல கிறிஸ்துமஸ் 25ஆம் தேதி மத்தியானமே தொய்ஞ்சு போயிடும், பசங்க போரடிக்குதுன்னு ஆரம்பிச்சுடுவாங்க. இந்த வருஷம் ராஜாக்கள் நடந்துக்கிட்டே இருந்ததால இன்னும் 12 நாள் இழுத்துச்சு. செலவே இல்லாத ஐடியா, இதுக்குத்தான் அதிக மவுசு.

24 ராத்திரி பெரிய கூத்து. குழந்தை இயேசுவை அன்னிக்கு ராத்திரிதான் வைக்கணும்னு வார்னிஷ் அடிச்சதுமே ஒளிச்சு வச்சிருந்தேன். எங்க ஒளிச்சேன்னு மறந்துட்டேன். பீரோ, அலமாரி, மாவு டப்பா, எல்லாத்தையும் கவுத்தாச்சு. பசங்க ரெண்டும் குடில் முன்னாடி உக்காந்திருக்கு, வீட்டுக்காரர் டார்ச்சோட கட்டிலுக்கு அடியில. சின்னவன்தான் பதட்டமே இல்லாம "பாப்பா இன்னும் பொறக்கல, வெய்ட் பண்ணுங்க"ன்னு எங்களுக்கு ஆறுதல் சொன்னான். 11 மணிக்கு மேல அத்தையோட தையல் டப்பாவுல கிடைச்சாரு. பெரியவ வச்சா, அவன் எடுத்தான், திரும்ப வச்சான், திரும்ப எடுத்தான். நான் ஒண்ணும் சொல்லல.

எடுத்து வைக்கும்போது ஒவ்வொண்ணையும் பழைய நியூஸ்பேப்பர்ல சுத்தி, காத்துப் போகாத டப்பாவுல, வெயில் அடிச்ச ஒரு நாளா பாத்து மூடினேன். ஸ்டாரை முனைக் கட்டை அவிழ்க்காம குறுக்குக் குச்சியை மட்டும் உருவிட்டா தட்டையா வந்துடும்னு பாத்தேன், ஒட்டின பேப்பர் கிழிஞ்சுடுச்சு, அதனால குச்சியை மட்டும் வச்சிருக்கேன், பேப்பர் வருஷா வருஷம் புதுசுதான். அடுத்த வருஷம் உருவத்தை நவம்பர் நடுவுலயே ஆரம்பிக்கணும், மழை ஈரத்துக்கு முன்னாடி காயணும். வார்னிஷ் அடிக்கும்போது அடிப்பக்கம் முதல்ல. கோதுமை 14ஆம் தேதி, ரெண்டு ட்ரே. சம்மனசு அட்டையில. குழந்தையை எங்க வச்சேன்னு டப்பா மூடியில எழுதி ஒட்டியாச்சு.

ராஜாக்கள் அவ்வளவு தூரம் நடந்தே வந்தாங்களே, பாவம், அடுத்த வருஷம் ஒட்டகம் செய்யலாம்மான்னு பெரியவ இப்பவே கேட்டு வச்சிருக்கா. செய்யலாம், ஆனா படுத்திருக்கிற ஒட்டகம்தான்னு சொல்லிட்டேன்.